மொபைல் டேட்டாவில் ஒரு கைதி

மாசிலாமணி சிறையிலிருந்து தவறி வெளியே விழுந்தபோது காலை மணி ஒன்பது பன்னிரண்டு. இடம், தாராபுரம் பேருந்து நிலையம். கையில் பாதி குடித்த டீ.

இடது மணிக்கட்டில் நாடாவால் கட்டியிருந்த கைக்கருவி மூன்று முறை அதிர்ந்தது. திரையில் சிவப்பு எழுத்துகள்: 'தொடர்பு துண்டிப்பு. மீதி நேரம் 45:00.' அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது 44:59 ஆனது.

"செங்கமலம், மாமியார் பேச மாட்டேங்குது" என்றார்.

மனைவி செங்கமலம் பலகாரத் தூக்கைக் கீழே வைத்தாள். "விளையாடாதீங்க."

"விளையாடறாப்புலயா இருக்குது என் மூஞ்சி?"

மாமியார் என்பது அந்தக் கருவிக்குக் கைதிகள் வைத்த பெயர். சிறைகளில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டு, தண்டனையை வீட்டிலிருந்தே கழிக்கலாம் என்று அரசு சொல்லி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சுவர் இல்லை, கம்பி இல்லை. இந்தக் கருவி மட்டும்தான். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டைவிரலை வைத்து, முகத்தைக் காட்ட வேண்டும். இருக்குமிடம், நாடித்துடிப்பு, முகப்படம் மூன்றும் ஒரு வி.பி.என். வழியாக வெளிக்காவல் துறையின் கணினிக்குப் போகும். வி.பி.என். என்றால் என்ன என்று தீர்ப்பு சொன்ன நீதிபதியே விளக்கியிருந்தார்: "வேறு யாரும் எட்டிப் பார்க்க முடியாத மூடிய குழாய். குழாய்க்குள் நீங்கள் இருக்கும்வரை சிறையில் இருக்கிறீர்கள். வெளியே வந்து நாற்பத்தைந்து நிமிடம் ஆனால் தப்பியோடியவர்."

தப்பியோடியவர்களுக்கென்று மட்டும் இன்னும் நான்கு மதில் சிறைகளை மூடாமல் வைத்திருந்தார்கள்.

மாசிலாமணிக்கு மூன்று ஆண்டுத் தண்டனை. கரூரில் வீட்டு வைஃபையில் ஆயிரத்துச் சொச்சம் நாள் ஒரு நிமிடத் துண்டிப்புகூட இல்லாமல் கழித்துவிட்டார். மீதி நாற்பத்தொரு நாள். முதல் முறையாக ஒரு நாள் பயண அனுமதி கிடைத்திருந்தது. தங்கை பூங்கோதையின் மகள் ஆதிராவுக்குக் கொளிஞ்சிக்காட்டு மாரியம்மன் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் இவர் ஒருவர்தான். கோயில் இங்கிருந்து ஆறு கிலோமீட்டர். நல்ல நேரம் பத்தரை வரை.

"அணைச்சுப் போட்டுப் பாருங்க" என்றாள் செங்கமலம்.

அதற்குள் கருவி மறுபடி அதிர்ந்தது. பச்சை விளக்கு. 'இணைந்தது.'

"வந்துருச்சு!" அவர் கட்டைவிரலை வைத்தார். முகத்தைக் காட்டினார். 'அனுப்பப்படுகிறது' என்றது திரை. ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அதற்குக் கீழே சிவப்பில் 42:10, 42:09 என்று நேரமும் ஓடியது.

"பச்சையும் எரியுது, நேரமும் ஓடுதே?"

"அதான் எனக்கும் புரியலை."

அப்போது கருவி பாட்டுப் பாடியது. தங்கையின் அழைப்பு. கருவிக்கு மூன்று எண்களிலிருந்து மட்டும் பேச அனுமதி உண்டு.

"அண்ணா, எங்கிருக்கறீங்க? ஆசாரி வந்து உக்காந்துட்டாரு. பாப்பா தூங்கிட்டாள்னா அப்புறம் எழுப்பறது கஷ்டம்."

"பூங்கோதை, போனை வெய்யி. வந்துர்றேன்."

வைத்தவுடன் திரையைப் பார்த்தார். பச்சை விளக்கைக் காணோம். பேச்சு வந்தால் டேட்டா நின்றுவிடுகிறது. மறுபடி பச்சை வர ஒன்றரை நிமிடம் ஆனது. வந்த கையோடு தங்கை மறுபடி அழைத்தாள்.

"அண்ணா, வரும்போது ரெண்டு முழம் பூ..."

"நீ கூப்படாதே!" என்று கத்தினார். பக்கத்தில் நின்ற கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "நீ கூப்படறப்பல்லாம் நான் ஜெயில்ல இருந்து தப்பிக்கறேன்!"

செங்கமலம் தன் கைபேசியில் துறையின் உதவி எண்ணை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். இயந்திரக் குரல் வந்தது. இனிமையான, அவசரமே இல்லாத குரல்.

"வணக்கம். உங்கள் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்."

"ஜெயிலுக்கு வெளிய வந்துட்டேனுங்க. உள்ள சேத்துக்கங்க."

"விடுதலைக்கு வாழ்த்துகள். விடுதலைச் சான்றிதழ் பெற ஒன்றை அழுத்தவும்."

"விடுதலை இல்லீங்க! தொடர்பு போச்சு!"

"குடும்பத்தாருடன் தொடர்பு குறித்த ஆலோசனைக்கு..."

செங்கமலம் கைபேசியைப் பிடுங்கி, எரிச்சலில் பூஜ்யத்தைப் பத்துப் பன்னிரண்டு தடவை அழுத்தினாள். என்ன கணக்கோ, அது வேலை செய்தது. மனிதக் குரல் ஒன்று வந்தது. மீதி நேரம் 33:40.

"வெளிக்காவல் உதவி மையம். என் பெயர் பிரான்சிஸ். தங்கள் எண்ணைக் கூறவும், சார்."

மாசிலாமணி எண்ணைச் சொன்னார்.

"பதற்றம் வேண்டாம், சார். முதலில் கருவியை அணைத்து மீண்டும் இயக்கவும்."

"அதுக்கு எவ்வளவு நேரமாகுமுங்க?"

"நான்கு நிமிடம்."

"எனக்கு முப்பத்துமூணு நிமிஷம்தான் இருக்குது."

"அந்தப் படியைக் கடக்காமல் அடுத்த படிக்குப் போக என் திரை விடாது, சார்."

அணைத்தார். போட்டார். கருவி உயிர் பெறும்போது துறையின் பாடல் முழுதாக ஒலித்தது. குற்றமில்லாத நாளைய உலகம் பற்றிய பாடல். மூன்று சரணம். பேருந்து நிலையத்தில் இரண்டு பேர் அவரைப் பார்த்ததும் குழந்தைகளை மறுபக்கம் இழுத்துக்கொண்டார்கள். பாடல் முடிந்ததும் பச்சை விளக்கு வந்தது. வட்டம் சுற்றியது. நேரம் ஓடியது.

"விமானப் பயன்முறையைப் போட்டு எடுக்கவும்."

போட்டார். எடுத்தார். வட்டம்.

"மின்சிக்கனம் இயங்குகிறதா என்று பார்க்கவும்."

"இல்லீங்க."

"சிம் அட்டையைக் கழற்றித் துடைத்து..."

"கழட்டுனா சீல் உடையும். சீல் உடைஞ்சா தப்பியோட்டம்னு இதுலயே எழுதி ஒட்டியிருக்குதுங்களே!"

"ஆமாம் சார். அந்தப் படியை விட்டுவிடலாம்."

செங்கமலம் குறுக்கிட்டாள். "தம்பி, அந்த பேக்கரில இலவச வைஃபைன்னு போட்டிருக்குது. இல்லாட்டி என் போன்ல இருந்து குடுக்கட்டுமா? வீட்டு வைஃபையில இது ஒருநாள்கூடத் தகராறு பண்ணுனதில்லையே."

"வேண்டவே வேண்டாம், அம்மா. உங்கள் வீட்டு வைஃபை மட்டுமே அங்கீகரிக்கப்பட்டது. அந்நிய வலையில் இணைந்தால் அது தனிக் குற்றம். ஆறு மாதம்."

"அப்ப வெளியூர்ல என்ன பண்றது?"

"மொபைல் டேட்டா, அம்மா."

"அதுதான் வேலை செய்யலையே!"

"பச்சை விளக்கு எரிகிறதல்லவா? அப்படியென்றால் வேலை செய்கிறது."

மாசிலாமணி பெஞ்சில் உட்கார்ந்து, கருவி கட்டிய கையை மடியில் வைத்தார். இருபது ஆண்டுகள் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வலை, குழாய் எதுவும் தெரியாது. ஆனால் எது நகர்கிறது, எது நகரவில்லை என்று பார்க்கத் தெரியும். திரையின் ஓரத்தில் 'விவரம்' என்று ஒரு சிறு பொத்தான் இருந்தது. மூன்று ஆண்டில் தொட்டதே இல்லை. தொட்டார்.

"பிரான்சிஸ் சார், இதைக் கேளுங்க. இருக்குமிடம், சென்றது. நாடித்துடிப்பு, சென்றது. முகப்படம், மூணு சதவீதம். அஞ்சு நிமிஷமா அதே மூணு."

"சரி, சார். கருவியை அணைத்து மீண்டும்..."

"இருங்க. சின்னச் சின்ன விஷயமெல்லாம் போயிருது. பெருசு மட்டும் போகலை. கட்டிலை லிஃப்ட்ல ஏத்தறாப்பல. லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது, ஆள் போறாங்க, வர்றாங்க. கட்டில் மட்டும் வாசல்ல இடிச்சுக்கிட்டு நிக்குது. அப்படித்தானே?"

மறுமுனையில் அடுத்து வந்த குரல் வேறாக இருந்தது. தாள் பார்த்துப் படிக்கும் தமிழ் போய், தூத்துக்குடித் தமிழ் வந்திருந்தது.

"அண்ணாச்சி, நீங்க என்ன வேலை பாத்திய?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"சரியாப் பிடிச்சிட்டிய. எதையும் பொட்டலம் பொட்டலமாத்தான் அனுப்பும். ஒரு பொட்டலத்துக்கு ஆயிரத்தைந்நூறு அளவுன்னு வச்சிருக்காவ. வைஃபையில அது போயிரும். மொபைல் டேட்டால வாசல் குறுகல். அதுல வி.பி.என். உறையையும் மேல போட்டா பொட்டலம் இன்னும் பெருசாவுது. வாசல்ல முட்டி விழுந்துரும். விழுந்துட்டுன்னு யாருக்கும் தகவலும் போவாது. ரெண்டு பக்கமும் பச்சை எரிஞ்சிட்டே இருக்கும்."

"அளவைக் குறைச்சா?"

"ஆயிரத்து இருநூத்தி எண்பதுன்னு மாத்துனா போதும். ஒரே ஒரு எண்ணு."

"மாத்துங்க அப்ப!"

"எனக்கு அந்த அதிகாரம் கெடையாது. பொறியாளர் பிரிவுதான் மாத்தணும். அவிய கோளாறே இல்லைங்காவ. ஆபீஸ்ல வச்சுச் சோதிச்சுப் பாக்காவ, ஆபீஸ் வைஃபையில."

செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். மீதி நேரம் 17:25.

"அப்ப நான் என்னதான் பண்றது?" என்றார் மாசிலாமணி.

"அது சுலபம். இப்பம் உங்க திரைக்கு ஒண்ணு அனுப்புதேன். வந்துட்டா?"

வந்தது. சிறியதாக இருந்ததால் உடனே வந்தது. 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டதா? ஆம் / இல்லை.' இரண்டுக்கும் கீழே கட்டைவிரல் வைக்க ஒவ்வொரு வட்டம்.

"ஆம்னு விரலை வைங்க. புகார் தீர்ந்துட்டுன்னு பதிவாவும். இதுவரைக்கும் ஓடுன துண்டிப்பு ரத்தாவும். மறுபடியும் நாப்பத்தைஞ்சு நிமிசம் முதல்ல இருந்து தொடங்கும். முடியறதுக்குள்ள மறுபடியும் எங்களுக்குப் போன் போடுங்க. மறுபடியும் ஆம். இப்படியே வீடு போய்ச் சேந்துரலாம்."

செங்கமலத்துக்கு உயிர் வந்தது. "அட, இதை முன்னாலயே சொல்றதுக்கென்ன தம்பி! வையுங்க விரலை. வெச்சுட்டு வாங்க, ஆட்டோ புடிக்கலாம்."

மாசிலாமணி விரலை நீட்டினார். பாதியில் நிறுத்தினார்.

"ஆனா தீரலையே" என்றார்.

"என்னங்க?"

"புகார் தீரலையே. நான் தீர்ந்துச்சுன்னு எப்படி வெக்கறது?"

"ஐயோ, கடவுளே!"

"பிரான்சிஸ், இன்னைக்கு இந்தக் கோளாறுன்னு எத்தனை பேர் கூப்பிட்டாங்க?"

"நீங்க பதினாலாவது ஆளு."

"எல்லாரும் ஆம்னு வெச்சுட்டாங்களா?"

"எல்லாரும்தான். நாங்க சொல்லுததே அதானே. எங்க மையத்துல தீராத புகார் ஒண்ணுகூடக் கெடையாது. சுவத்துல எழுதி வச்சிருக்காவ, நூத்துக்கு நூறுன்னு."

"அதனாலதான் பொறியாளருக்குக் கோளாறு தெரியறதில்லை."

"அதனாலதான்."

மாசிலாமணி எதிரே பேருந்துகளைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது வேறு ஒன்று. கரூரில் ஒரு ஜவுளிக் கடை. மாதா மாதம் லிஃப்ட் பராமரிப்புத் தாள். 'கம்பி வடம் சரிபார்க்கப்பட்டது: ஆம் / இல்லை.' அன்று அவருக்கு இன்னும் நான்கு கட்டிடங்கள் போக வேண்டியிருந்தது. மேலே ஏறிப் பார்க்காமல் 'ஆம்' போட்டுக் கையெழுத்திட்டார். அவருக்கு முன்னால் பதினொரு மாதம் பதினொரு கையெழுத்து, எல்லாம் 'ஆம்'. ஒருவரும் மேலே ஏறவில்லை. ஒன்பது நாள் கழித்து வடம் அறுந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்திக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. கடைசிக் கையெழுத்து யாருடையதோ அவருக்குத் தண்டனை.

"நான் உள்ள போனதே இப்படி ஒரு ஆம் போட்டுத்தானுங்க" என்றார் மெதுவாக.

"அது லிஃப்ட்டு!" என்று செங்கமலம் சீறினாள். "அதுல ஒருத்திக்குக் காலு போச்சு. இதுல யாருக்கு என்ன போகுது? மூணு வருஷமா இந்த மாமியாரோட ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணிட்டேன். இன்னும் நாப்பத்தொரு நாளு. அங்க மருமக காது குத்தறதுக்குக் காத்துக்கிட்டிருக்குது. வையுங்கன்னா வையுங்க!"

11:50.

"பிரான்சிஸ், ஆம் வெக்காட்டி என்னாகும்?"

"அண்ணாச்சி, வேண்டாம்."

"சொல்லுங்க."

"நேரம் முடிஞ்சதும் தப்பியோட்டம்னு அறிவிப்பு வரும். ரோந்து வண்டி வரும். மதில் சிறைக்குக் கொண்டு போவாவ. ஆனா புகார் தீராம நிக்கும்போது தப்பியோட்டம் ஆச்சுன்னா, கட்டாயமா விசாரணை வைக்கணும்னு சட்டத்துல இருக்கு. பொறியாளரு நீதிபதிக்கு முன்னால வந்து, மொபைல் டேட்டால சோதிச்சுக் காட்டணும். இது வரைக்கும் அப்படி ஒரு விசாரணை நடந்ததில்லை. யாரும் இல்லைன்னு வச்சதில்லை."

"உங்களுக்கென்னங்க, சொல்லிருவீங்க" என்று செங்கமலம் கைபேசியைப் பார்த்துக் கத்தினாள். "ஏசி ரூம்ல சொகமா உக்காந்துக்கிட்டு, சட்டத்துல இருக்குதாம்! இவரைக் கெளப்பி விடறதே நீங்கதான்!"

அப்போது மறுமுனையில் எங்கோ ஒரு விசில் ஒலித்தது. நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு கட்டைக் குரல், "ஏழாம் வரிசை, எண்ணிக்கை!" என்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆண் குரல்கள் சொல்லிக்கொண்டு வந்தன. மிக அருகில் பிரான்சிஸின் குரல், "பதினேழு" என்றது. எண்ணிக்கை நகர்ந்து போனது.

செங்கமலம் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏசி இல்லைம்மா" என்றான் பிரான்சிஸ். "மதில்தான் இருக்கு."

"தம்பி, நீ..."

"நானும் வெளியிலதான் இருந்தேன். வேலைக்குன்னு தனி அனுமதி வாங்கி, துறைமுகத்துக்கு ஐஸ் வண்டி ஓட்டிட்டு. நாள் முழுக்க ரோட்டுலதானே, மொபைல் டேட்டாதான். ஆறு தடவை இதே மாதிரி வட்டம் சுத்துச்சு. ஆறு தடவையும் ஆம் வச்சேன். ஏழாவது தடவை உங்களுக்குக் கெடச்ச மாதிரி லைன் கெடைக்கலை. நாப்பத்தஞ்சு நிமிசம் முடிஞ்சு போச்சு. கருவிக் கோளாறுய்யான்னு சொல்லிப் பாத்தேன். ஆறு தடவை தீர்ந்துட்டுன்னு நீயே விரல் வச்சிருக்கியே, அப்ப ஏழாவது தடவை மட்டும் எப்படிக் கோளாறுன்னு கேட்டாவ. பதில் சொல்ல முடியலை. நாலு வருசம். இந்தப் பிளாக்குல என்னை மாதிரி முப்பத்தொரு பேரு இருக்கோம். எல்லாருக்கும் கம்ப்யூட்டர் வேலை குடுத்து இந்த மையத்துலயே உக்கார வச்சிருக்காவ."

"அப்புறம் ஏன் தம்பி மத்தவங்களையும் ஆம் வெக்கச் சொல்றே?" மாசிலாமணியின் குரலில் கோபம் இல்லை. மெக்கானிக் கேட்கும் கேள்வி.

"வேற என்ன சொல்லச் சொல்லுதிய? இல்லைன்னு வச்சு நீ உள்ள வா, நான் வெளிய போறேன்னா சொல்ல முடியும்? நீங்க கேட்டிய, சொன்னேன். இந்தப் பேச்சு பதிவாவுது. இதுக்கே எனக்கு என்ன கெடைக்குமோ. அண்ணாச்சி, நேரம் போவுது. ஆம் வைங்க. நல்லபடியா மருமவ காதுகுத்தைப் பாருங்க."

6:30.

மாசிலாமணி மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பலகாரத் தூக்கின் மூடியைத் திறந்து, மறுபடி மூடி, அழுத்திச் சாத்தினாள்.

"முப்பத்தொரு பேராம்" என்றார் அவர்.

"எனக்கும் காது கேக்குது" என்றாள். "என்னமோ பண்ணுங்க. என்னைக் கேட்டுப் பண்றாப்பல பாக்காதீங்க. நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

அவர் கட்டைவிரலைக் கால்சட்டையில் துடைத்தார். 'இல்லை' மீது வைத்தார்.

'நன்றி. தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்றது திரை.

பிறகு பிரான்சிஸின் அழைப்பை முடித்துவிட்டு, செங்கமலத்தின் கைபேசியிலிருந்தே தங்கையை அழைத்தார். "பூங்கோதை, நான் அங்க வர முடியாது. பாப்பாவையும் ஆசாரியையும் கூட்டிக்கிட்டு நீ இங்க வா. கேள்வி கேக்காதே. வண்டியை வேகமா ஓட்டச் சொல்லு."

ரோந்து வண்டியும் பூங்கோதையின் சரக்கு ஆட்டோவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்தன. ஆட்டோவின் பின்னால் பதினோரு உறவினர்கள், ஒரு தாம்பாளம், ஆசாரி, அவர் மடியில் பெட்டி. விஷயத்தைக் கேட்டதும் பூங்கோதை பேருந்து நிலையமே அதிரக் கத்தினாள்.

"ஆமான்னு ஒரு அமுக்கு அமுக்கறதுக்கு உங்களுக்கு என்ன கேடுங்கறேன்! ஊருல எவன் உண்மையை எழுதறான்? உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வருது?"

"மூணு வருஷம் முன்னாடி வந்திருக்கோணும்" என்றார் மாசிலாமணி. "லேட்டாயிருச்சு."

எஸ்.ஐ. கைவிலங்கை எடுத்துக்கொண்டு வந்தார். பெஞ்சில் ஒரு ஆள் மடியில் மஞ்சள் பட்டுப்பாவாடைக் குழந்தையோடு உட்கார்ந்திருப்பதையும், ஆசாரி ஊசியைத் துடைப்பதையும் பார்த்து நின்றார்.

"இது என்ன?"

"காதுகுத்துங்க" என்றாள் பூங்கோதை. "தாய்மாமன். வேற ஆள் கெடையாது. நல்ல நேரம் இன்னும் இருபது நிமிஷம் இருக்குது. முடிஞ்சதும் கூட்டிக்கிட்டுப் போங்க. அந்த வெலங்கைக் கொஞ்சம் பின்னால வெச்சுக்கங்க, கொழந்தை பயந்துக்கும்."

எஸ்.ஐ. மணியைப் பார்த்தார். விலங்கைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

வலது காதில் குத்தியபோது ஆதிரா வீறிட்டாள். மாசிலாமணியின் இடது கை அவள் முதுகில் இருந்தது. மணிக்கட்டில் கருவி. திரையில் 'தப்பியோடியவர்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதற்கு மேலே பச்சை விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. 'இணைந்தது.'

விசாரணை பத்தொன்பதாம் நாள் வந்தது. பொறியாளர் ஒருவர் நீதிபதியின் அறையில் வைஃபையை அணைத்துவிட்டு, சிம் வழியாக ஒரு படத்தை அனுப்பிக் காட்ட முயன்றார். வட்டம் சுற்றியது. நீதிபதி காப்பி வரவழைத்துக் குடித்து முடித்தார். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அன்று மாலையே ஆயிரத்தைந்நூறு ஆயிரத்து இருநூற்று எண்பது ஆனது. மாற்றுவதற்கு நான்கு விநாடி எடுத்ததாகப் பதிவில் இருக்கிறது.

முப்பத்தொரு பேரின் தப்பியோட்டமும் ரத்து. மறுநாள் காலை மதிலுக்கு வெளியே போனார்கள்.

மாசிலாமணியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. 'கருவிக் கோளாறு மெய்ப்பிக்கப்பட்டது. எனினும் "ஆம்" என்று அழுத்தித் தண்டனையைத் தவிர்க்கும் வாய்ப்பு வழங்கப்பட்டும் இவர் அதைப் பயன்படுத்தவில்லை. ஆகவே துண்டிப்புக்கு இவரே பொறுப்பு' என்று அவருக்கு ஒரு தாள் வந்தது. மீதி இருபத்திரண்டு நாளையும் உள்ளேயே கழிக்க வேண்டும். சிறையில் பார்க்க வந்தபோது செங்கமலம் அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். "இதை எழுதுனவனுக்கு ஒருநாள் மாமியாரைக் கட்டி விடோணும்" என்றாள். பிறகு தூக்கிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தாள்.

முப்பத்தொரு பேர் போனதில் உதவி மையத்தில் பல இருக்கைகள் காலியாகிவிட்டன. ஏழாம் வரிசை, பதினேழாம் இருக்கையை மாசிலாமணிக்குக் கொடுத்தார்கள். வார்டன் ஒருவர் கூட்டி வந்து உட்கார வைத்தார். மேசையின் ஓரத்தில் யாரோ பேனாவால் சின்னதாக ஒரு ஐஸ் வண்டி வரைந்திருந்தார்கள்.

திரை விழித்தது. 'இருக்கை எண் 17. ஒப்படைக்கப்பட்ட பொருள்கள்: விசைப்பலகை, ஒலிவாங்கி, காதுக்கருவி. அனைத்தும் சரிபார்க்கப்பட்டன: ஆம் / இல்லை.'

மாசிலாமணி எழுந்தார். விசைப்பலகையில் ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்த்தார். ஒலிவாங்கியைத் தட்டினார். காதுக்கருவியை மாட்டி, முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் என்று கேட்டார். குனிந்து மேசைக்கு அடியில் வயர் எங்கே போகிறது என்று பார்த்தார்.

"யோவ், என்னய்யா பண்றே?" என்றார் வார்டன். "அழைப்பு காத்துக்கிட்டு இருக்கு. ஆம்னு போட்டுட்டு உக்காரு."

"இடது காது கேக்கலைங்க" என்றார் மாசிலாமணி. 'இல்லை' என்று அழுத்தினார்.